கீழே பார்க்காமல் தட்டச்சு: பிள்ளைக்கு வீட்டிலேயே பழக்கலாம்

சென்ற மாதம் கல்வி உதவி மனு கொடுக்க வந்த ஒரு தாய், மனுவை மேசையில் வைத்துவிட்டு வேறொன்றைக் கேட்டார். ஆறாம் வகுப்பு படிக்கும் மகனுக்கு உறவினர் ஒருவர் பழைய லேப்டாப் கொடுத்திருக்கிறாராம். பையன் இரண்டு விரலால் கொத்திக் கொத்தித் தட்டுகிறான். பத்து வரி அடிக்க அரை மணி நேரம் ஆகிறது. அதற்குள் என்ன எழுத நினைத்தான் என்பதே மறந்துபோகிறது. "இதுக்குன்னு கிளாஸ் இருக்கா பாய்? நானே சொல்லிக் குடுக்கலாம்னா எனக்கு டைப்பிங் தெரியாதே" என்றார்.

அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளையின் கண் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டால் போதும். அவரிடம் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறோம்.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நன்றாக நினைவிருக்கும். மாடிப்படி ஏறும்போதே இயந்திரங்களின் சத்தம் கேட்கும். முதல் பாடம் எல்லோருக்கும் ஒன்றுதான்: ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே எச் ஜே. பக்கம் பக்கமாக இதையே அடிக்க வேண்டும். கீழே குனிந்து எழுத்தைப் பார்த்தால் சார் வந்து நிற்பார். அடிக்க வேண்டிய தாள் பக்கத்தில் இருக்கிறது, கண் அதில்தான் இருக்க வேண்டும். கண் விசைக்கும் தாளுக்குமாக அலைந்தால் வரி தவறும், சொல் விடுபடும். அதற்காகத்தான் அத்தனை கண்டிப்பு.

இந்த முறைக்கு அமெரிக்காவில் பெயர் வாங்கிக் கொடுத்தவர் ஃபிராங்க் மெக்கரின் என்ற நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர். 1888 ஜூலையில் சின்சினாட்டி நகரில் நடந்த போட்டியில், விசைகளை மனப்பாடமாக வைத்திருந்த அவர், பார்த்துப் பார்த்து அடித்த லூயி டிராப் என்பவரை வென்றார். அதன் பிறகுதான் பார்க்காமல் அடிப்பது ஒரு பாடமாகவே பரவியது.

பத்து விரலும் வைத்தே ஆக வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் இதைச் சோதித்தார்கள். தாங்களாகவே பழகிய சிலர், குறைந்த விரல்களை வைத்துக்கொண்டே, முறையாகக் கற்றவர்களுக்கு இணையான வேகத்தில் அடித்தார்கள். வேகமாக அடித்தவர்களிடம் அவர்கள் கண்ட பொதுத் தன்மை, ஒரு விசையை எப்போதும் ஒரே விரலால் தட்டுவது. முறையாகக் கற்றவர்களோ விசைப் பலகையைக் குனிந்து பார்த்தது குறைவு. ஆகவே விரல் எண்ணிக்கைக்காகப் பிள்ளையை வாட்ட வேண்டாம். ஆனால் புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்கு இந்த இரண்டு பழக்கத்தையும் சேர்த்தே கொண்டுவர எளிய வழி பத்து விரல் முறைதான் என்பது எங்கள் கருத்து.

ஒன்பது, பத்து வயதில் தொடங்கினால் வசதி. அதற்கு முன் விரல்கள் எட்டாது. செல்போனில் கட்டைவிரலால் அடிப்பது இதற்கு உதவாது, விசைப் பலகை வேண்டும். லேப்டாப் இல்லாவிட்டால், பழைய கம்ப்யூட்டரோடு ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண கீபோர்டு போதும். 2011 முதல் அரசு பிளஸ் டூ மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப் பல வீடுகளில் பீரோ மேல் கிடக்கிறது. பேட்டரி போயிருந்தாலும் சார்ஜரில் போட்டு ஓடினால் இதற்குப் போதுமானது.

உட்காரும் விதத்தில் கவனம் வேண்டும். கட்டிலில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு பழகினால் மணிக்கட்டு வலிக்கும், பழக்கமும் கோணலாகும். சாப்பாட்டு மேசை நாற்காலியில் ஒரு தலையணை, கால் தொங்காமல் கீழே ஒரு பலகை. முழங்கை மேசை உயரத்துக்கு வந்தால் சரி. தரையில்தான் இடம் என்றால் மதரஸாவில் போடும் சிறு மேசை போன்ற ஒன்றில் வைக்கலாம், மடியில் வேண்டாம்.

விசைப் பலகையில் எஃப், ஜே இரண்டிலும் சிறு மேடு இருக்கும். இடது ஆள்காட்டி விரல் எஃப் மேல், வலது ஆள்காட்டி விரல் ஜே மேல். மற்ற விரல்கள் வரிசையாகப் பக்கத்தில், கட்டைவிரல் இடைவெளிப் பட்டைக்கு. ஒவ்வொரு விரலும் தன் விசையிலிருந்து மேலேயும் கீழேயும் போய்விட்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டும். ஆள்காட்டி விரல்களுக்கு மட்டும் இரண்டிரண்டு வரிசை: எஃப் விரலுக்கு ஜி, ஆர், டி, வி, பி எல்லாம் சொந்தம். மேடு தேய்ந்துபோன பழைய கீபோர்டில் அந்த இரண்டு விசையில் மட்டும் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்து உலரவிடுங்கள்.

அடுத்ததுதான் முக்கியம். "கீழே பார்க்காதே" என்று நூறு முறை சொல்லிப் பயனில்லை, சண்டைதான் வரும். செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டியில் முன்பக்கத்தை வெட்டி எடுத்து, கைகளுக்கு மேல் கவிழ்த்து வையுங்கள். பெட்டி சிறிதாக இருந்தால் ஒரு கைத்துண்டைப் போர்த்தலாம். பார்க்க முடியாது என்று தெரிந்ததும் விரல் தானாகத் தேடத் தொடங்கும். எந்த விரல் எந்த எழுத்து என்ற படத்தைத் தாளில் வரைந்து திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். சந்தேகம் வந்தால் அதைப் பார்க்கட்டும், விசையை அல்ல.

நடு வரிசைக்கு ஒரு வாரம். பிறகு மேல் வரிசை, கடைசியில் கீழ் வரிசை. பெரிய எழுத்துக்கு எதிர்க் கை சுண்டுவிரல் ஷிஃப்டை அழுத்த வேண்டும். இது வர நாளாகும். பயிற்சிக்கு இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. இணையம் இருந்தால் டைப்பிங் கிளப், இல்லாத வீட்டில் ரேப்பிட் டைப்பிங்கை ஒரு முறை இறக்கி வைத்தால் போதும். விளையாட்டாக வருவதைச் சிறு பிள்ளைகள் விரும்புவார்கள். ஆனால் எழுத்து மேலிருந்து விழுந்து வெடிக்கும் விளையாட்டுகளை முதல் மாதம் தவிர்க்கலாம். அவசரத்தில் பிள்ளை பழைய இரண்டு விரலுக்குத் திரும்பிவிடும்.

காயிதா ஓதத் தொடங்கும் பிள்ளையிடம் ஹஜ்ரத் முதல் நாளே வேகத்தைக் கேட்பதில்லை. மக்ரஜ் சரியாக வரும்வரை ஒரே எழுத்தில் நிறுத்திவைப்பார். இங்கேயும் அப்படித்தான். நூறு எழுத்தில் ஐந்துக்கு மேல் தவறு வந்தால் அடுத்த பாடத்துக்குப் போக வேண்டாம். பயிற்சியின்போது அழிப்பு விசையைத் தொடவேண்டாம் என்று சொல்லிவையுங்கள். தட்டச்சுப் பொறியில் அழிக்கும் வசதி கிடையாது. அதனால்தான் அந்தக் காலத்து மாணவர்களுக்கு நிதானம் வந்தது.

மூன்றாவது வாரத்தில்தான் சோதனை வரும். இரண்டு விரலில் நிமிடத்துக்குப் பதினைந்து சொல் அடித்துக்கொண்டிருந்த பிள்ளை இப்போது ஆறு, ஏழு சொல்லுக்கு இறங்கியிருக்கும். "முன்னாடியே நல்லா அடிச்சேன்" என்று அழும். பெரும்பாலான வீடுகளில் பழக்கம் இங்கேதான் நின்றுபோகிறது, பிள்ளையைவிடப் பெற்றோர் சீக்கிரம் மனம் தளர்கிறார்கள். இந்த இறக்கம் எல்லோருக்கும் வருவது என்று முதலிலேயே சொல்லிவையுங்கள். வேக எண்ணைத் திரையில் மறைத்துவிட்டு, தவறுகளின் எண்ணிக்கையை மட்டும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். தவறுகள் குறைந்துவருவதை அதில் காட்டலாம்.

நேரத்தைக் கூட்டினால் சீக்கிரம் வந்துவிடும் என்ற எண்ணமும் தவறு. பிரிட்டிஷ் தபால்துறை ஊழியர்களுக்குத் தட்டச்சு பழக்கியபோது ஆலன் பேட்லி, லாங்மன் என்ற உளவியலாளர்கள் அவர்களை நான்கு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். 1978இல் முடிவு வெளியானது. நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் பழகியவர்கள், நாளுக்கு நான்கு மணி நேரம் பழகியவர்களைவிட மொத்தத்தில் குறைவான மணி நேரத்திலேயே கற்றுக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், தங்கள் பயிற்சியில் மிகக் குறைந்த திருப்தி தெரிவித்தவர்களும் அவர்கள்தான். நாட்கள் அதிகம் ஆனதால் பின்தங்கிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார்கள். பிள்ளைக்கு நாளுக்குப் பதினைந்து, இருபது நிமிடம் போதும். பள்ளி விட்டு வந்து, அஸருக்குப் பிறகு மதரஸா, அதன் பிறகு டியூஷன் என்று ஓடும் பிள்ளைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு முன் அந்த நேரம் கிடைக்கும். ஃபஜ்ருக்குப் பிறகு அமைதியாக உட்காரும் வீடுகளில் இன்னும் நல்லது. நோன்பு மாதத்தில் ஐந்து நிமிடமாகக் குறையுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள்.

ஆங்கிலம் கைவந்த பிறகு தமிழுக்கு வாருங்கள். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றுவதே இன்று பிள்ளைகளின் பழக்கம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப் பலகை இதைவிட எளிது. உயிர் எழுத்துகள் இடது கையில், மெய்கள் பெரும்பாலும் வலது கையில். புள்ளியைப் பல இடங்களில் அதுவே போட்டுக்கொள்ளும். தாம்பரம் என்று அடிக்க த, ஆ, ம, ப, ர, ம, புள்ளி என ஏழு தட்டல். ஆங்கில எழுத்தில் பத்து ஆகும். ஸ, ஷ, ஜ, ஹ நான்கும் ஷிஃப்டோடு இடது கை மேல் வரிசையில் அடுத்தடுத்து இருக்கின்றன. நம் வீட்டுப் பெயர்களுக்கு அவை அடிக்கடி வேண்டும் என்பதால், அந்த வரிசையைப் பிள்ளை முதலிலேயே கேட்கும்.

அரசு வேலையை மனதில் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தட்டச்சுத் தேர்வில் ஆங்கிலம் லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45 சொல். ஐந்து தட்டல் ஒரு சொல் என்று கணக்கு. டிஎன்பிஎஸ்சி குரூப் 4இல் தட்டச்சர் பணிக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தேர்ச்சி வேண்டும். இரண்டும் ஹையர், அல்லது ஒன்று ஹையர் மற்றொன்று லோயர். ஆனால் தமிழ்த் தேர்வுக்குரியது பழைய தட்டச்சுப் பொறியின் விசை அமைப்பு. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா வகுத்த வழியில் வளர்ந்தது அது. அதில் 'கொ' அடிக்க முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். தமிழ்99 பழகியவருக்கு அது தனிப் பாடம். தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் தமிழை நேராக இன்ஸ்டிடியூட்டிலேயே தொடங்குவது நல்லது. வயது, படிப்புத் தகுதியைச் சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பிளஸ் டூ முடித்து வீட்டில் இருக்கும் பெண் பிள்ளைகளுக்கு இதைக் குறிப்பாகச் சொல்கிறோம்.

தட்டச்சு வந்ததும் "வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி வேலை, முதலில் பதிவுக் கட்டணம்" என்று செல்போனில் செய்தி வரும். வேலை கொடுப்பவர் பணம் கேட்கமாட்டார். ஏமாந்து கட்டிவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

அந்தத் தாய் போன வாரம் மறுபடி வந்தார். பெட்டிக்கு அடியில் மகன் தினமும் தன் பெயரையும் முடிச்சூர் சாலை முகவரியையும் அடிக்கிறானாம். பி எழுத்துக்கு மட்டும் இன்னும் பெட்டியைத் தூக்கிப் பார்க்கிறான் என்றார்.