புகை பிடிக்காத பெண்ணுக்கும் நுரையீரல் புற்றுநோய் ஏன்? – புரதங்கள் சொல்லும் காரணம்



"பீடி, சிகரெட் கையால தொட்டதில்லை. அவங்களுக்குப் போய் நுரையீரல்ல கேன்சராமே?" குழுக் கூட்டங்களில் இப்படிப் பேச்சு வருவது உண்டு. பின்னாலேயே "என்ன பாவம் செஞ்சாளோ", "எதை மறைக்கிறாளோ" என்ற பேச்சும் வந்துவிடுகிறது. இதற்குப் பயந்தே பல பெண்கள் இருமலை வெளியில் சொல்வதில்லை. ஆனால் நம் நாட்டில் நுரையீரல் புற்றுநோய் வரும் பெண்களில் பெரும்பாலோர் ஒருநாளும் புகை பிடிக்காதவர்கள். அவர்களுக்கு ஏன் வருகிறது? உடம்பில் உள்ள புரதங்களை ஆராய்ந்து விஞ்ஞானிகள் இதற்கு விடை கண்டு வருகிறார்கள்.

புரதம் என்றால் பருப்பு மட்டுமா?

புரதம் என்றதும் பருப்பு, முட்டை, சுண்டல் ஞாபகம் வரும். அதுவும் சரிதான். நாம் சாப்பிடும் புரதம் வயிற்றிலும் குடலிலும் சிறு துண்டுகளாக உடைகிறது. அந்தத் துண்டுகளைக் கொண்டு உடம்பு தனக்கு வேண்டிய புரதங்களைத் தானே செய்துகொள்கிறது. ஒவ்வொரு செல்லிலும் ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் வேலை செய்கின்றன. ஒன்று செய்தி வாங்கும், ஒன்று பழுது பார்க்கும், ஒன்று செல்லை வளரச் சொல்லும், இன்னொன்று "போதும், நிறுத்து" என்று சொல்லும். எந்தப் புரதத்தை எப்படிச் செய்வது என்ற குறிப்பு நம் மரபணுவில் இருக்கிறது. குறிப்பில் ஓர் எழுத்து மாறினால்கூட சில சமயம் புரதத்தின் வேலையே மாறிவிடும். எனவே கோளாறு நாம் சாப்பிடும் புரதத்தில் இல்லை. சுண்டலைத் தாராளமாகச் சாப்பிடுங்கள்!

சிக்கிக்கொண்ட சுவிட்ச்

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்க விஞ்ஞானி ஸ்டான்லி கோஹன், எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த எலிக்குட்டிகளுக்கு ஊசியில் போட்டுப் பார்த்தார். குட்டிகள் வழக்கத்தைவிட முன்னதாகவே கண் திறந்தன. செல்களை வளரச் சொல்லும் ஒரு சிறு புரதம் அந்தச் சாற்றில் இருந்தது. வளர்ச்சிப் புரதங்களைக் கண்டறிந்ததற்காக 1986-ல் ரீட்டா லெவி-மோன்டால்சினி என்ற பெண் விஞ்ஞானியோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்தச் செய்தியை வாங்கிக்கொள்ள செல்லின் மேல்பரப்பில் இன்னொரு புரதம் இருக்கிறது. அதன் பெயர் இஜிஎஃப்ஆர். இதை வாசல் காலிங் பெல் சுவிட்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தினால் மணி அடிக்கும், விரலை எடுத்தால் நின்றுவிடும். சிலருடைய நுரையீரல் செல்லில் இந்த சுவிட்ச் சிக்கிக்கொள்கிறது. யாரும் அழுத்தாமலே "வளர், பெருகு" என்று மணி அடித்துக்கொண்டே இருக்கும். செல் கட்டுப்பாடில்லாமல் பெருகிக் கட்டியாகிறது.

இது தெரிய வந்தது 2004-ல். ஜெஃபிட்டினிப் என்ற மாத்திரை நுரையீரல் புற்றுநோய்க்குக் கொடுக்கப்பட்டபோது பலருக்குப் பயனில்லை, சிலருக்கு மட்டும் கட்டி வேகமாகச் சுருங்கியது. அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்கள் அந்தச் சிலரின் கட்டியைச் சோதித்தார்கள். அவற்றில் இஜிஎஃப்ஆர் மாறியிருந்தது. புகை பிடிக்காதவர்களிடமும் பெண்களிடமும் இந்த மாற்றம் கூடுதலாகக் காணப்பட்டது. இந்தியாவில் அடினோகார்சினோமா என்ற வகை நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்கு இது இருக்கிறது.

புகை என்ன செய்கிறது?

2023-ல் லண்டன் பிரான்சிஸ் கிரிக் நிறுவன விஞ்ஞானிகள் ஒரு முக்கியமான ஆய்வை வெளியிட்டார்கள். 295 பேரிடமிருந்து புற்றுநோய் இல்லாத நுரையீரல் திசுவை எடுத்துப் பார்த்தார்கள். 100-க்கு 18 மாதிரிகளில் அதே இஜிஎஃப்ஆர் மாற்றம் இருந்தது! அப்படியானால் மாறிய செல் ஒன்றும் செய்யாமல் தூங்கிக்கொண்டும் இருக்கலாம்.

அதை எழுப்புவது எது? காற்றில் உள்ள நுண்தூசி. இது தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும். நுரையீரலின் ஆழம்வரை போய்விடும். அதை விரட்ட வரும் காவல் செல்கள் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற புரதத்தை வெளியிடுகின்றன. அதனால் உண்டாகும் அழற்சி, தூங்கும் செல்லை எழுப்பிவிடுகிறது. எலிகளில் இந்தப் புரதத்தைத் தடுத்தபோது கட்டி உருவாவது குறைந்தது.

அந்த ஆய்வு வெளிக்காற்று மாசைப் பற்றியது. ஆனால் விறகடுப்புப் புகையிலும் இத்தகைய நுண்தூசி உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, வீட்டு விறகுப் புகையை "அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்" பட்டியலில் வைத்திருக்கிறது. புகையிலைதான் இன்றும் முதல் காரணம். வீட்டில் மற்றவர் விடும் பீடிப் புகையும் நமக்குக் கெடுதல்தான்.

நாம் என்ன செய்யலாம்?

1. கேஸ் இணைப்பு இருந்தும் "சிலிண்டர் விலை அதிகம்" என்று விறகுக்கே திரும்பியவர்கள், அதிக நேரம் எரியும் சமையலையாவது கேஸில் செய்யுங்கள். விறகடுப்பை வெளியிலோ, புகைபோக்கியோடோ வையுங்கள். கைக்குழந்தையை அடுப்பருகே வைத்துக்கொள்ளாதீர்கள்.

2. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்யுங்கள். இலவசம்தான். காசநோய் இல்லை என்று வந்தும் இருமல் நிற்கவில்லை, எடை குறைகிறது, சளியில் ரத்தம் வருகிறது என்றால் "இருமல் மருந்து போதும்" என்று திரும்பிவிடாதீர்கள். எக்ஸ்ரே, ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள்.

3. புற்றுநோய் என்று உறுதியானால், "கட்டியில் இஜிஎஃப்ஆர் பரிசோதனை செய்யணுமா டாக்டர்?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மாற்றம் இருந்தால் அதற்கென்றே மாத்திரைகள் உள்ளன. முற்றிய நோயை அவை அடியோடு நீக்கிவிடாது. ஆனால் பலருக்கு மூச்சுத்திணறல் குறைந்து, நோய் பல மாதங்கள், சிலருக்கு வருடங்கள்கூட கட்டுப்படுகிறது. மாற்றம் இல்லாதவர்களுக்கு இந்த மாத்திரை உதவாது. பரிசோதிக்காமல் வாங்கிப் பணத்தைக் கரைக்க வேண்டாம்.

4. "ரத்தத்துல ஒரு புரதம் பார்த்தா கேன்சர் தெரிஞ்சிடும்" என்று விற்கப்படும் பரிசோதனைகளை மட்டும் நம்பாதீர்கள். அந்த அளவு வேறு காரணங்களாலும் கூடும். கட்டியின் திசுவைச் சோதித்துத்தான் நோயை உறுதி செய்ய முடியும்.

5. காப்பீட்டு அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எந்தப் பரிசோதனையும் சிகிச்சையும் அதில் அடங்கும் என்று மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே கேளுங்கள். பயணச் செலவுக்கும் ஸ்கேனுக்கும் உறுப்பினருக்கு உள்கடன் வேண்டுமென்றால், குழு உடனே கூடித் தீர்மானம் போடட்டும். மாதக் கூட்டம் வரை காக்க வைக்க வேண்டாம்.

நோய் வந்தவர் பாவம் செய்தவர் அல்ல. கண்ணுக்குத் தெரியாத ஒரு செல்லில் ஒரு புரதம் தடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அடுத்த கூட்டத்தில் இதைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். இருமலை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு சகோதரியின் காதிலும் அது விழட்டும்.