கணிப்பொறியின் இரைச்சல்: வாங்குமுன் அறிவது எங்ஙனம்?

பெங்களூரு நகரில் எஸ். பி. ரோடு என மக்கள் வழங்கும் சாதர் பத்ரப்பா சாலை, கணிப்பொறி உறுப்புகளின் வாணிகத்துக்குப் பெயர் பெற்றது. உறுப்புகளைத் தனித்தனியே தெரிந்தெடுத்து, மேசைக் கணிப்பொறியொன்றை அங்கேயே பூட்டித் தரச் செய்யலாம். விலை, வேகம், நினைவகத்தின் அளவு ஆகிய யாவும் அங்கு விசாரிக்கப்படுகின்றன. யந்திரம் எவ்வளவு இரையும் என்று கேட்பவர் மிகச் சிலரே. கேட்டாலும், "சத்தமே வராது" என்று கடைக்காரர் அதை இயக்கிக் காட்டுவார். நம் செவிக்கும் ஒன்றும் புலப்படாது. அவர் பொய் கூறவில்லை. அந்த இடத்தில் அது கேட்பதில்லை. ஆயின், குழந்தை உறங்கும் அறையிலேயே இரவு வேலையையும் பார்க்க வேண்டிய குடும்பத்துக்கு, அவ்வுண்மையால் பயன் யாது?

டெசிபெல் அளவில் 10 உயர்ந்தால் ஒலியின் ஆற்றல் 10 மடங்காகும்; 30 உயர்ந்தால் 1,000 மடங்காகும். நம் நாட்டின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், வணிகப் பகுதிக்குப் பகல் எல்லையாக 65 டெசிபெலை வகுத்துள்ளன. சந்தை அவ்வெல்லைக்குள் அடங்கி நிற்பதாகவே தாராளமாகக் கொள்வோம். 35 டெசிபெல் ஒலிக்கும் யந்திரம் அங்கே, சூழ்ந்துள்ள ஒலியில் ஆயிரத்தில் ஒரு பங்கே. இரவில் சாளரங்களை அடைத்த அறையின் பின்னணி ஒலி 30 டெசிபெலுக்கு இறங்குமாயின், அதே யந்திரம் பின்னணியைப்போல் மும்மடங்கு ஆற்றலுடன் ஒலிக்கும்.

செவியை நம்ப இயலாதெனில், தயாரிப்பாளர் அச்சிட்ட எண்ணை நம்பலாமா? நம்பலாம், ஆயின் அது எதன் எண் என்பதைக் காண வேண்டும். விளக்கின் திறன் வேறு, புத்தகத்தின் மீது விழும் வெளிச்சம் வேறு அல்லவா? அதுபோல், யந்திரம் வெளியிடும் ஒலித்திறன் வேறு. நம் செவியை எட்டும் ஒலியழுத்தம் வேறு. தரைமீது நின்று 40 டெசிபெல் ஒலித்திறனை வெளியிடும் யந்திரம், சுவர்கள் அற்ற வெளியில், ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 32 டெசிபெல் அழுத்தமே தரும். ஒலித்திறனை 4.0 பெல் என்று குறிப்பதும் உண்டு. அது 40 டெசிபெலே. சிறிய எண்ணென்று மயங்கலாகாது. இவ்வகை யந்திரங்களின் ஒலியை அளக்கும் முறையை உலகத் தர அமைப்பின் 7779ஆம் எண் தரநெறி வகுத்துள்ளது. தொலைவும் வேலைப்பளுவும் கூறாத வெறும் எண்ணை நான் பொருட்படுத்துவதில்லை.

வேலைப்பளுவே இங்கு முதன்மையானது. கணிப்பொறி சும்மா இருக்கையில் விசிறிகள் மெல்லச் சுழல்கின்றன. மையச் செயலகம் சூடேறினால் விரைகின்றன. விசிறியின் ஒலித்திறன் ஏறத்தாழ அதன் வேகத்தின் ஐந்தாம் அடுக்கை ஒட்டி வளரும். வேகம் இரு மடங்கானால் ஒலி சுமார் 15 டெசிபெல் உயரும் என்பது இதனால் விளங்கும். அகன்ற விசிறி மெல்லச் சுழன்றே போதிய காற்றைத் தள்ளும். சிறிய விசிறியோ விரைந்து சுழன்றாக வேண்டும். பெங்களூரு கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே உள்ளமையால், அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. விசிறிக்கு உழைப்பு சற்றே கூடும். நகரின் குளிர்ச்சி அதைப் பெரும்பாலும் ஈடு செய்கிறது. சென்னை வாசகர்களுக்கு அவ்வாறுதல் இல்லை.

ஆகவே கடையில் செய்யத்தக்கது இது. யந்திரத்தை உள்ளறைக்கோ மாடிப்படியின் மூலைக்கோ கொண்டுசெல்லச் சொல்லி, கடினமான கணக்கீட்டு நிரல் ஒன்றைக் கால் மணி நேரம் ஓட்டச் செய்க. கைப்பேசியின் ஒலிமானி, தாழ்ந்த ஒலிகளில் தன் ஒலிவாங்கியின் இரைச்சலையே அளந்து காட்டக்கூடும், செவியே மேல். சீரான காற்றோசையை மனம் விரைவில் மறக்கும். குறிப்பிட்ட சுருதியில் எழும் ரீங்காரத்தை மறவாது. ஏழு இதழ் விசிறி நிமிடத்துக்கு 1,200 முறை சுழன்றால் வினாடிக்கு 140 அதிர்வுகள் கொண்ட ஒலி எழும். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வன்வட்டு 120 அதிர்வுகளைப் பெட்டிக்குத் தருகிறது. பெட்டியின் பக்கத் தகட்டை உள்ளங்கையால் அழுத்துக. முனகல் மாறினால் தகடு அதிர்கிறது. ரப்பர் வளையங்கள் அதைத் தணிக்கக்கூடும். சுழலும் பாகமற்ற நினைவகத் தட்டு பூட்டினால் வன்வட்டின் ஒலி அறவே இராது.

உள்ளறை இல்லாத கடையாயின், காலையில் கதவு திறந்தவுடன் செல்க. வண்டிகள் நிறையுமுன் அத்தெருவில் கிடைக்கும் அரை மணி நேரம் இச்சோதனைக்குப் போதும்.