பிள்ளைக்கும் அதே அளவுகோல்

தமக்கென்று நாவல் வாங்குகிறவர் யாரும் அதில் என்ன நீதி இருக்கிறது என்று கேட்பதில்லை. தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’ கொங்குப் பகுதிக் குடிநாவிதர் குடும்பங்களின் வாழ்வைச் சொல்லி, 2023இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. 2020இல் அதே விருது பெற்ற இமையத்தின் ‘செல்லாத பணம்’, தீக்காயத்தோடு கிடக்கும் மகளுக்காக மருத்துவமனையில் தவிக்கும் குடும்பத்தின் கதை. மனிதர்களைப் பூசிமெழுகாமல் காட்டுவதால்தான் இந்த இரண்டையும் பரிந்துரைக்கிறோம். ஆனால், பிள்ளைக்கு வாங்கும்போது அளவுகோல் மாறிவிடுகிறது. பொது அறிவுக் களஞ்சியம், கையெழுத்துப் பயிற்சி ஏடு, கடைசி வரியில் நீதி அச்சிட்ட கதைத் தொகுப்பு என்று பை நிறைந்துவிடுகிறது. பெரியவர்களின் புத்தகத்திடம் கேட்கும் உண்மையையும் மொழியழகையும் சிறுவர் நூலிடமும் கண்டிப்பாகக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

கேட்டால் கிடைக்குமா? கிடைக்கிறது. யெஸ்.பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’, வீடுகளில் பேசத் தயங்கும் தவறான தொடுதலைப் பற்றிச் சிறுவர்களிடமே பேசுகிறது. 2020இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. 2023இல் அவ்விருதைப் பெற்ற உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’, கீழடியின் பழங்காலத்தை ஒரு சிறுவனின் கண்வழியே காட்டுகிறது. இவற்றிலும் அறம் உண்டு. அது கதைக்குள்ளேயே கரைந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு நல்லது கெட்டது சொல்ல வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு இந்த நூல்களே பதில். இவ்வளவு கனமான விஷயம் இந்த வயதில் எதற்கு என்பது அடுத்த கேள்வி. தொல்லை வயது பார்த்து வருவதில்லை. அதைச் சொல்லத் தெரியாத பிள்ளைதான் தனித்துப் போகிறது.

இன்னும் எழுத்துக்கூட்டத் தெரியாத மழலைகளின் படப் புத்தகத்தில்தான் இந்த அளவுகோல் அதிகம் தேவை. அந்தப் புத்தகத்துக்கு வாசகர் இருவர். குழந்தை படத்தைப் படிக்கிறது, பெரியவர் எழுத்தைப் படிக்கிறார். பிள்ளை ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கும். நான்காம் தடவையே பெரியவருக்குச் சலித்தால் குரலில் அது தெரிந்துவிடும். ஆகவே, கடையிலேயே இரண்டு பக்கம் வாய்விட்டுப் படித்துப் பார்த்து வாங்குவது நல்லது. நாக்கில் இடறும் வாக்கியம் குழந்தையின் காதிலும் இடறும். சென்னையின் துலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த படப் புத்தகங்களை வெளியிடுகிறது. ஆங்கிலவழிப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அவை பொருந்தும்.

வண்ணப் படப் புத்தகத்தின் விலை கட்டுப்படியாகவில்லை என்ற குறை நியாயமானது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகப் படிக்கலாம், அச்செடுக்கவும் செய்யலாம். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர் பிரிவுகள் இருக்கின்றன. தமிழ் எழுத்தில் தடுமாறும் பெரிய பிள்ளைகளுக்கு, தமிழக அரசின் வாசிப்பு இயக்கம் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நிலை பிரித்துத் தந்த சிறு நூல்கள் கைகொடுக்கும். அங்கே வகுப்பைப் பார்க்க வேண்டாம், பிள்ளையின் நிலையைப் பார்த்தால் போதும். எட்டாம் வகுப்பு மாணவி ‘நட’விலிருந்து தொடங்கினால் அதில் குறைச்சல் ஏதுமில்லை.