மலைமேல் நாடுகள் – 11: ஒரு கைப்பிடிச் சேறு

அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்தாயிற்று. 14 நாடுகளின் பெயர்களையும் சென்ற வாரமே வரிசையாகச் சொல்லியாயிற்று. இந்த வாரம் பெரக்கரை நாட்டு ஊர்க்கூட்டத்துக்குள் நுழைவதாகத்தான் பேச்சு. ஆனால் நடுவில் ஒரு வயல் குறுக்கிட்டுவிட்டது. நூறாண்டுக்கு முன்னால் சில பையன்கள் தவளை பிடித்த வயல். அதைச் சொல்லாமல் கூட்டத்துக்குப் போனால், அங்கே பெரியவர்கள் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது விளங்காது.

முதலில் நாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. சமவெளியில் மழநாடு, கோனாடு என்ற பெயர்களைக் கல்வெட்டு படிக்கிறவர்கள்தான் இன்று சொல்கிறார்கள். கொல்லிமலையில் அந்தப் பழைய பிரிவு ரேஷன் கார்டில் இருக்கிறது, வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. பெரக்கரை நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, ஆலத்தூர் நாடு என்று நாடுகளே ஊராட்சிகளாகிவிட்டன. நாமக்கல் மாவட்டத்தின் இந்த ஒன்றியத்தில் 2011 கணக்கெடுப்பின்படி நாற்பதாயிரத்துச் சொச்சம் பேர் வாழ்கிறார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மலையாளிப் பழங்குடியினர்.

நாடு என்றதும் ஒரே இடத்தில் தெருவும் தேரடியுமாக இருக்கும் ஊரை நினைத்துக்கொள்ளக் கூடாது. இந்தச் சரிவில் பத்து வீடு, அந்த மேட்டில் இருபது வீடு என்று சிதறிக் கிடக்கும் பட்டிகள் சேர்ந்ததுதான் ஒரு நாடு. பட்டிக்கு ஊர்க் கவுண்டர், நாட்டுக்கு நாட்டுக் கவுண்டர், அவர்களுக்கு மேலே பட்டக்காரர் என்று பழைய அடுக்கு. காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளில் மூத்தவர் சேர்வராயன் மலையில் தங்க, மற்ற இருவரும் பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் குடியேறினார்கள் என்பது மலையாளிகள் தங்கள் பூர்வீகத்தைச் சொல்லும் கதை. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளில் இந்தக் கதையும் இடம்பெற்றிருக்கிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில் தமிழ்நாட்டின் எந்தப் பகுதியும் சேர்க்கப்படவில்லை. ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் பழங்குடிக் கிராம சபைகளுக்கு உள்ள தனிச் சட்டப் பாதுகாப்பு கொல்லிமலை நாடுகளுக்குக் கிடையாது. ஊர்க் கவுண்டரின் சொல்லுக்குப் பின்னால் நிற்பது ஊராரின் சம்மதம் மட்டும்தான்.

இனி வயலுக்கு வருவோம்.

கொல்லிமலையில் குடியிருந்த ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தில் 1914 ஜூலை 17 அன்று ஒரு குழந்தை பிறந்தது. பெயர் பால் பிராண்ட். தந்தை ஜெஸ்ஸி பிராண்ட், தாய் ஈவ்லின். வாழவந்தி நாட்டில் வீடு கட்டிக் குடியிருந்த மிஷனரித் தம்பதி. பையன் ஒன்பது வயதுவரை மலைப் பிள்ளைகளோடு மரமேறி, தமிழ் பேசி வளர்ந்தான். பின்னாளில் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தி உலகப் புகழ் பெற்ற டாக்டர் பால் பிராண்ட் இவர்தான். 1980களில் அவர் எழுதிய ஒரு கட்டுரையின் தலைப்பு ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் மட்’. ஒரு கைப்பிடிச் சேறு. அதில் வருவது கொல்லிமலை வயல்.

மலை மடிப்புகளில் ஓடை இறங்கும் இடமெல்லாம் படிப்படியாக நெல் வயல். ஒவ்வொரு வயலுக்கும் புல் பிடித்த வரப்பு. மேல் வயல் நிரம்பினால் வரப்பின் ஓர் இடத்தில் தண்ணீர் தெளிவாக வழிந்து அடுத்த வயலுக்குப் போகும். நாற்று நட்ட வயலின் மூலையில் பையன்கள் தவளைக்குப் போட்டி போட்டுத் துள்ள, நாற்று மிதிபட்டது, தண்ணீர் கலங்கியது. வரப்புகளையும் வாய்க்காலையும் பார்த்துக்கொள்ளும் முதியவர் ஒருவர் வந்தார். எல்லாருக்கும் அவர் தாத்தா. பையன்கள் ஓடப் பார்த்தார்கள்.

தாத்தா அடிக்கவில்லை. குனிந்து ஒரு கை சேற்றை அள்ளி, இது என்ன, யாருடையது என்று கேட்டார். சேறு, உங்களுடையது என்றார்கள். வழிந்தோடும் கலங்கல் தண்ணீரைக் காட்டி, அதில் போவது என்ன என்று கேட்டார். அதுவும் சேறுதான். அந்தச் சேறு திரும்பி மேலே வருமா? வராது. தன் தாத்தாவின் தாத்தா காலத்திலிருந்து இந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டது அந்தச் சேறு என்றும், கீழே போனது போனதுதான் என்றும், வாய்க்காலில் சேறு ஓடினால் மலையின் உயிர் ஓடுகிறது என்று அர்த்தம் என்றும் அவர் விளக்கினார். தவளை பிடிக்கத் தடை போடவில்லை. வயலை விட்டுப் புல்லில் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அவ்வளவுதான் பாடம். அறுபது, எழுபது ஆண்டு கழித்து, உலகமெல்லாம் சுற்றிய ஒரு மருத்துவர் அதை ஒரு சொல்லும் மறக்காமல் எழுதி வைத்திருக்கிறார்.

இந்தக் கதையில் மண் அரிப்பு பற்றிய அறிவு மட்டும் இருப்பதாகப் படித்துவிட்டால் பாதியை விட்டுவிடுவோம். மேல் வயல்காரன் தண்ணீரைக் கலக்கினால் கீழ் வயல்காரன் கேட்கலாம். கீழ் வயல்காரன் வரப்பை உடைத்தால் மேல் வயல் சரியும். ஒருவன் நிலம் இன்னொருவன் நிலத்தின் தலைமேல் இருக்கும் ஊரில், பக்கத்து வீட்டோடு பகை வைத்துக்கொண்டு ஒரு போகம்கூட எடுக்க முடியாது. ஊர்க் கவுண்டரும் நாட்டுக் கவுண்டரும் ஏன் தேவைப்பட்டார்கள் என்பதற்கு, மன்னர் கதைகளைவிட இந்த வரப்பு நல்ல விடை சொல்கிறது. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் வீரத்தைச் சங்கப் புலவர்கள் பாடினார்கள். ஆண்டுதோறும் ஆடியில் அரசு விழாவும் எடுக்கிறது. வரப்பு காத்த தாத்தாவுக்குப் பெயர்கூட எழுதப்படவில்லை.

பிராண்ட் குடும்பத்தைத் தொட்ட பிறகு உடனே விடவும் மனமில்லை. அந்தக் காலத்தில் மலையை வாட்டிய நோய்களில் ஒன்று நரம்புச் சிலந்தி. குடிதண்ணீர் வழியாக உடம்புக்குள் போகும் புழு, ஓராண்டு கழித்துக் காலில் கொப்புளமாக வெளியே வரும். காலை நனைத்துக்கொண்டு கிணற்றுப் படியில் இறங்கினால் புழுவின் குஞ்சுகள் தண்ணீரில் கலந்து அடுத்தவர் வயிற்றுக்குப் போகும். வெளியே தலைகாட்டும் புழுவைக் குச்சியில் சுற்றி, அறுந்துவிடாமல் நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தெடுப்பார் ஜெஸ்ஸி. கிணற்றில் கால் வைக்காதீர்கள், கயிறு கட்டி இறைத்துக் குடியுங்கள் என்று பட்டி பட்டியாகச் சொல்லி, கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்ப வைத்தார். இந்தியா இந்த நோயிலிருந்து முழுவதும் விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது 2000ஆம் ஆண்டில்தான்.

1929 ஜூனில் ஜெஸ்ஸி மலேரியா முற்றி வரும் கருநீர்க் காய்ச்சலில் மலையிலேயே இறந்தார். இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த மகனுக்குத் தந்தி போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகும் அப்பா உயிரோடு இருந்தபோது எழுதிய கடிதம் கப்பலில் வந்து சேர்ந்தது. மலையையும் மரங்களையும் பற்றி மகனுக்கு எழுதுவது அந்த அப்பாவின் வழக்கம். ஈவ்லினோ, மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் மலையை விட்டுப் போக மறுத்தார். மட்டக் குதிரையில் மலைமலையாகச் சுற்றி வேலை பார்த்து, 1974இல் 95ஆம் வயதில் இறந்தார். கணவருக்குப் பக்கத்திலேயே கொல்லிமலையில் அடக்கம் செய்யப்பட்டார்.

சேற்றுக்கே திரும்புவோம். பள்ளத்து வயலில் நெல் என்றால், சரிவு நிலத்தில் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் இங்கே வேலை தொடங்கியபோது பதிவு செய்த ரகங்களின் பெயர்களைக் கேளுங்கள்: கட்டவெட்டிச் சாமை, சடஞ்சாமை, மல்லியச்சாமை, பெருஞ்சாமை, தினையில் பெருந்தினை, செந்தினை, மூக்காந்தினை, பாலாந்தினை, கோரந்தினை. எது சீக்கிரம் விளையும், எது எந்த மண்ணுக்கு ஏற்றது என்பது பெண்களுக்குத்தான் அத்துபடி. விதை கடன் கேட்டு வந்தவருக்கு இல்லை என்று சொல்லாத பழக்கமும் அதோடு சேர்ந்தது.

அப்புறம் மரவள்ளி வந்தது. சேலம் வட்டார ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும். 1981இல் அந்த ஆலைகளின் சேகோசர்வ் கூட்டுறவும் தொடங்கப்பட்டது. கிழங்கு விற்றால் கையில் பணம். சாமையோ விற்பனைக்கு வழியில்லை, உரலில் போட்டு உமி நீக்கப் பெண்கள் மணிக்கணக்கில் இடிக்க வேண்டும். 2011 முதல் ரேஷனில் அரிசி இலவசம். இவ்வளவும் சேர்ந்தபோது சாமைக் கொல்லைகள் மரவள்ளிக் கொல்லைகளாக மாறியதற்கு மலை மக்களைக் குறை சொல்வது நியாயமில்லை. ஆனால் மண்ணின் கணக்கு வேறு. நெருக்கமாக விதைத்த சாமை மழைத்துளியைத் தாங்கும். இடைவெளி விட்டு நடும் மரவள்ளி முதல் சில மாதம் மண்ணைத் திறந்தே போடும். பிடுங்கும்போது சரிவையே கிளறிவிடும். மிளகு படரும் சில்வர் ஓக் தோப்புகளும் காபித் தோட்டங்களும் இருக்கும் இடங்களில் மண் ஓரளவு நிற்கிறது.

மண் லாரியிலும் இறங்கியது. கொல்லிமலையின் மேல்மண்ணில் பாக்சைட் உண்டு. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக அது ஆண்டுக்கணக்கில் வெட்டப்பட்டு, சூழல் ஆர்வலர்களின் எதிர்ப்புக்கும் வழக்குக்கும் பிறகு 2008இல் நின்றது. வளர்ந்த பிறகு மலைக்கு வந்து போன பால் பிராண்டும், காடு மெலிந்ததையும் ஓடைகள் மழையில் பழுப்பாக ஓடுவதையும் கண்டு வருந்தி எழுதினார். அய்யாறு புளியஞ்சோலைப் பக்கம் இறங்கும்போது அந்தத் தாத்தாக்களின் சேற்றையும் சுமந்துகொண்டுதான் காவிரியை நோக்கிப் போகிறது.

இடம் தீர்ந்துவிட்டது. பெரக்கரை நாட்டு ஊர்க்கூட்டம், கல்யாணப் பேச்சு, தகராறு தீர்ப்பு எல்லாம் அடுத்த வாரம். அதற்குள் கொல்லிமலையைப் பூர்வீகமாகக் கொண்ட வாசகர்கள் ஓர் உதவி செய்ய வேண்டும். உங்கள் பட்டியில் வாய்க்காலையும் வரப்பையும் யார் பார்த்துக்கொண்டார்கள், அவருக்குக் கூலி நெல்லா பணமா, முறை வைத்தா பரம்பரையா, தவறு செய்தவருக்கு ஊர் என்ன தண்டம் போட்டது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். எந்தச் சாமையை விதைத்தார்கள் என்பதையும் மறக்காமல் கேளுங்கள்.