கணிப்பொறி வாய் குழறினால்...

கீழ்க்காணும் வாக்கியத்தை முதலில் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்:

"தனுஷ்கோடி முதல் பாம்பன் வரை 23-12 அன்று காற்று மணிக்கு 45-55 கி.மீ. வேகத்தில் வீசும், அலைகள் 2.4 மீ. வரை எழும்."

இது நாமாக அமைத்துக்கொண்ட எடுத்துக்காட்டுதான். ஆனால் இராமேசுவரம் தீவில் இத்தகைய வாக்கியம் வெறும் பாடப் பயிற்சி அன்று. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி நகரமே அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயிலும் அதிலிருந்தவர்களும் கடலுக்கு இரையாயினர். அந்தக் கரையில் எச்சரிக்கை என்பது உயிர் காக்கும் பொருள்.

இன்று எச்சரிக்கைகள் பெரும்பாலும் எழுத்தாகவே செல்பேசிக்கும் கணிப்பொறிக்கும் வந்து சேர்கின்றன. ஆனால் கண்பார்வை இல்லாதவருக்கும் எழுத்தறியாதவருக்கும், படகில் இரு கைகளாலும் வலை இழுத்துக்கொண்டிருப்பவருக்கும் எழுத்தால் என்ன பயன்? யாராவது படித்துச் சொல்ல வேண்டும். பாம்பனில் 2016-இல் மீனவ மக்களுக்காகத் தொடங்கப்பெற்ற 'கடல் ஓசை' சமூக வானொலி மனிதக் குரலால் இத்தகைய பணியைச் செய்கிறது. அருகில் மனிதக் குரல் இல்லாதபோது கணிப்பொறியே படிக்க வேண்டியதுதான். அது தவறாகப் படித்தால்? தவறு எங்கே நேர்கிறது, எப்படிக் கண்டுபிடித்துத் திருத்துவது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இயந்திரம் பேசுவது எப்படி?

பேசும் இயந்திரம் நேற்றுப் பிறந்ததன்று. 1939-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் 'வோடர்' என்னும் கருவி பேசிக் காட்டப்பட்டது. அதைப் பேசவைக்க, பயிற்சி பெற்ற ஒருவர் அமர்ந்து விசைகளை இயக்க வேண்டியிருந்தது. 1976-இல் ரே குர்ஸ்வைல் என்னும் அமெரிக்கர், அச்சிட்ட நூலைத் தானே பார்த்துப் பார்வையற்றோருக்குப் படித்துக்காட்டும் இயந்திரத்தை வெளியிட்டார். தமிழுக்கும் நம் நாட்டு அறிவியலார் உழைத்துள்ளனர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஏ.ஜி. இராமகிருஷ்ணனும், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் ஹேமா மூர்த்தியும் தத்தம் குழுவினருடன் தமிழைப் பேசும் நிரல்களை உருவாக்கினர்.

எந்த நிரலாயினும் வேலை நான்கு படிகளாக நடக்கிறது எனலாம். முதலில் இயந்திரம் எழுத்துகளை எண்களாகப் பெறுகிறது. அடுத்து, எண்களையும் சுருக்கக் குறிகளையும் முழுச் சொற்களாக விரிக்கிறது. மூன்றாவதாக, ஒவ்வொரு சொல்லையும் எப்படி ஒலிப்பது என முடிவு செய்கிறது. கடைசியாக அந்த ஒலிகளை அலைகளாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. நாம் கேட்பது நான்காம் படியை மட்டுமே. அதனால் பழியைக் குரலின் மேல் போட்டுவிடுகிறோம். கோளாறோ பெரும்பாலும் முன்படிகளில் ஒளிந்திருக்கும்.

ஒரே ஒரு சோதனை

மின்விளக்கு எரியாவிட்டால் என்ன செய்கிறீர்கள்? அந்தக் குமிழை வேறு இடத்தில் மாட்டிப் பார்க்கிறீர்கள். எரிந்தால் குமிழ் நல்லது, கோளாறு கம்பியில் என்று தெரிந்துகொள்கிறீர்கள். இங்கும் அதே முறைதான். எளிய குறிப்பேட்டு நிரலைத் திறந்து, "கடலில் காற்று வீசுகிறது" என்று நீங்களே தட்டச்சு செய்து கணிப்பொறியைப் படிக்கச் சொல்லுங்கள். அது சரியாகப் படித்தால் குரலும் ஒலிபெருக்கியும் நலம். கோளாறு உங்களுக்கு வந்த ஆவணத்தில் உள்ளது. படிக்காவிட்டால் ஆவணம் ஒருபுறம் இருக்கட்டும். கணிப்பொறியின் அமைப்பைக் கவனியுங்கள். ஒரே சோதனையில் பாதி ஐயம் தீர்ந்துவிடுகிறது.

வாயே திறக்கவில்லையா?

முதலில் ஏதேனும் ஒரு பாட்டை ஒலிக்கச் செய்யுங்கள். பாட்டும் கேட்கவில்லையெனில் ஒலியளவையும் ஒலிபெருக்கியின் இணைப்பையும் பாருங்கள். பாட்டு கேட்டு, படிப்பு மட்டும் கேட்கவில்லையெனில் தமிழ்க் குரல் நிறுவப்படவில்லை என்று ஐயுறலாம். ஆங்கிலக் குரலிடம் தமிழைக் கொடுத்தால், ஒன்றும் சொல்லாமலே அது தாண்டிச் சென்றுவிடுவதுண்டு. ஆங்கிலச் சொற்களும் எண்களும் மட்டும் கேட்டு, தமிழ் விடுபட்டால் காரணம் இதுவே.

கணிப்பொறியின் அமைப்புகளில் 'பேச்சு' என்னும் பகுதியில் குரல்களின் பட்டியல் இருக்கும். அங்கே தமிழைச் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸில் வரும் தமிழ்க் குரலுக்கு 'வள்ளுவர்' என்றே பெயர். பார்வையற்றோர் பலர் பயன்படுத்தும் என்.வி.டி.ஏ. என்னும் இலவசத் திரைவாசிப்பான் 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பட்டது. அதனுடன் வரும் 'ஈஸ்பீக்' நிரலும் தமிழ் படிக்கும்.

கண்ணுக்குத் தமிழ், காதுக்கு வேறு

திரையில் தெளிவான தமிழ் தெரிகிறது. கணிப்பொறியோ ஆங்கில எழுத்துகளை உளறுகிறது. ஏன்?

யூனிகோடு என்னும் உலகப் பொதுமுறையில் தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்கள் உண்டு. 'அ' என்பதற்கு 2949. 'ம' என்பதற்கு 2990. இம்முறை பரவுவதற்கு முன்னர், 'பாமினி' போன்ற எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை வைத்தார்கள். அவற்றில் 'அம்மா' என்று எழுதினால், கணிப்பொறியின் உள்ளே இருப்பவை 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகளே. தமிழ் என்பது மேலே போர்த்திய சட்டை. நாம் சட்டையைப் பார்க்கிறோம். இயந்திரம் உள்ளிருப்பதைப் படிக்கிறது.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. அப்பகுதியை நகலெடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டுங்கள். ஆங்கில எழுத்துகளாக மாறினால் பழைய எழுத்துருதான். எழுத்துரு மாற்றி நிரலால் யூனிகோடாக மாற்றிவிட்டால் குறை தீரும். நகலெடுக்கவே முடியவில்லையெனில் அது எழுத்தன்று, எழுத்தின் புகைப்படம். ஒளிப்பட அறிக்கைகளை எழுத்துணரும் நிரலால் முதலில் எழுத்தாக்க வேண்டும்.

இன்னொரு நுட்பமான பிழையும் உண்டு. 'ஔவை' என்பதை 'ஒ', 'ள' எனத் தனித்தனியாகத் தட்டச்சு செய்து 'ஒளவை' ஆக்கிவிடுகிறார்கள். 'காற்று' என்பதில் காலுக்குப் பதில் ரகரத்தை இட்டு 'கரற்று' ஆக்கிவிடுவதும் உண்டு. கண் இவற்றை மன்னித்துவிடும், இயந்திரம் மன்னிக்காது. எழுதியதைக் காதால் கேட்பது நல்ல பிழைதிருத்தமாகும்.

கோடும் புள்ளியும் செய்யும் குழப்பம்

இனி, தொடக்கத்தில் தந்த எச்சரிக்கைக்கு வருவோம். '45-55' என்பதை நீங்கள் 'நாற்பத்தைந்து முதல் ஐம்பத்தைந்து வரை' என்று படித்திருப்பீர்கள். அந்தச் சிறு கோட்டின் பொருள் இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? கணக்கில் அது கழித்தல்; நாளில் அது பிரிப்பு; அளவில் அது 'முதல்-வரை'. '23-12' என்பதிலோ அதே கோடு மாதத்தைப் பிரிக்கிறது.

புள்ளியின் கதையும் இதுவே. 'கி.மீ.' என்பதன் புள்ளியை வாக்கியத்தின் முடிவு என்று கொண்டு இயந்திரம் நடுவில் நின்றுவிடலாம். '2.4' என்பதில் புள்ளியைச் சொல்லாமல் விட்டால் கேட்பவர் காதில் 'இரண்டு, நான்கு' என்று விழும். இரண்டு மீட்டரா, நான்கு மீட்டரா, இருபத்து நான்கா? கரையில் நிற்பவருக்கு இது சிறிய வேறுபாடன்று.

இதற்கு மருந்து எழுதுவோர் கையில் உள்ளது. "மணிக்கு நாற்பத்தைந்து முதல் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் வரை" என்று சொல்லாலேயே எழுதிவிட்டால் கோட்டுக்கும் புள்ளிக்கும் வேலையே இல்லை.

தனுஷ்கோடி என்னும் சோதனைச் சொல்

கடைசியாக ஒலிப்பைப் பார்ப்போம். 'பக்கம்', 'சங்கு', 'அகம்' என்று சொல்லிப் பாருங்கள். மூன்றிலும் எழுதுவது ஒரே ககரம். ஒலிப்பதோ மூன்று விதம். இரட்டித்தால் வல்லொலி, மெல்லினத்தின் பின் வந்தால் மெலிந்த ஒலி, உயிர்களுக்கிடையே வந்தால் இன்னும் தளர்ந்த ஒலி. நாம் தாய்ப்பாலோடு கற்ற இவ்விதிகளை நிரலில் எழுதி வைக்கிறார்கள். சொல்லின் முதலில் வரும் வல்லினம் வலித்தே ஒலிக்கும் என்பதும் அவற்றுள் ஒன்று. 'தலை', 'தண்ணீர்' என்பவற்றை இயந்திரம் அவ்வாறே சரியாகச் சொல்லும்.

ஆனால் 'தனுஷ்கோடி' வடமொழி வழி வந்த பெயர். 'தனுஸ்' என்றால் வில். 'கோடி' என்றால் முனை. இங்கே முதல் தகரத்தை, 'பந்து' என்பதில் வரும் தகரம் போல நாம் மெலித்துச் சொல்கிறோம். விதியை மட்டும் நம்பும் நிரல் அதைத் 'தலை'யின் தகரமாகவே சொல்லும். கோளாறு நிரலின் அறியாமையன்று. எழுத்தில் அந்த வேறுபாடு இல்லை என்பதே காரணம். எனவே ஊர்ப் பெயர்களுக்கும் ஆட்பெயர்களுக்கும் ஒலிப்பு அகராதி வேண்டும். பல திரைவாசிப்பான்களில் பயனாளரே சொற்களைச் சேர்க்கும் அகராதி உண்டு. ஆனால் மெலிந்த தகரத்துக்குத் தமிழில் தனி வடிவம் இல்லாமையால், இதுபோன்ற சொற்களுக்கு நிரல் ஏற்கும் ஒலிக்குறிகளால் எழுத வேண்டியிருக்கும்.

கேட்ட பின் அனுப்புக

ஆக, கணிப்பொறி வாய் குழறினால் குரலை உடனே பழிக்காதீர்கள். சிறு வாக்கியத்தைத் தட்டச்சு செய்து கோளாறு எந்தப் பக்கம் என்று பிரியுங்கள். பிறகு எழுத்தா, எண்ணா, ஒலிப்பா என்று ஒவ்வொரு படியாக நடந்து பாருங்கள். பெரும்பாலான குறைகளை நீங்களே தீர்த்துவிடலாம்.

பிறர் உயிருக்குப் பொறுப்பான செய்தியை எழுதுகிறவர் நீங்களானால் இன்னும் ஒரு வேலை உண்டு. அனுப்புவதற்கு முன் கண்களை மூடிக்கொண்டு, கணிப்பொறி அதைப் படிப்பதை ஒருமுறை கேளுங்கள். திரையைப் பார்க்க இயலாத ஒருவர், படகை இறக்குவதா வேண்டாமா என்பதை அந்தக் குரலை மட்டுமே நம்பி முடிவு செய்யப்போகிறார்.