சர்க்கரை நோயாளியின் தட்டில் எவ்வளவு சோறு?

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் சாப்பாடு என்றால் சோறுதான். காலையில் பழைய சோறு, மதியம் குழம்புடன் சுடுசோறு, இரவில் மீண்டும் சோறு அல்லது இட்லி, தோசை. ஏர் ஓட்டி, நாற்று நட்டு, கதிர் அறுத்த காலத்தில் இந்தச் சோறு உழைப்பிலேயே செலவாயிற்று. இன்று உழவுக்கு டிராக்டரும் அறுவடைக்கு இயந்திரமும் வந்துவிட்டன. உடலுழைப்பு குறைந்தது, தட்டில் உள்ள சோறு குறையவில்லை.

இதன் விளைவுகளில் ஒன்றுதான் நீரிழிவு எனப்படும் சர்க்கரை நோய். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நாடெங்கும் நடத்தப்பட்டு 2023-ல் வெளியான ஆய்வின்படி, தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம் பேருக்கு இந்நோய் உள்ளது. இது நகரத்தாரின் வியாதி என்று கிராமத்து விவசாயிகள் எண்ணியிருக்க முடியாது. காலில் முள் குத்திய புண் ஆறாமல் போனாலும், கண் பார்வை மங்கினாலும், முதலில் நிற்பது வயல் வேலைதான்.

சர்க்கரையை மட்டும் நிறுத்தினால் போதாது

நோய் என்று தெரிந்ததும் பலர் டீயில் போடும் சர்க்கரையை நிறுத்துகிறார்கள். அது நல்லதே. ஆனால் சோறு, இட்லி, மரவள்ளிக் கிழங்கு, அவல் ஆகியவற்றில் உள்ள மாவுச்சத்தும் வயிற்றில் செரித்துச் சர்க்கரையாகவே இரத்தத்தில் கலக்கிறது. வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் தீங்கு செய்யாது என்பதும் தவறான நம்பிக்கை. கரும்பிலிருந்து எந்த வடிவில் வந்தாலும் அது சர்க்கரைதான்.

18,090 பேரின் உணவை ஆராய்ந்து 2022-ல் வெளியான மற்றோர் இந்திய ஆய்வு, மாவுச்சத்தைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டினால் நோயைக் கட்டுப்படுத்தலாம் என்று கூறுகிறது. புதிதாக நோய் கண்டவர்களுக்கு, உணவின் மொத்தச் சக்தியில் பாதி அளவே மாவுச்சத்திலிருந்து கிடைக்கும்படி அது பரிந்துரை செய்கிறது.

மலையின் தானியம்

கல்வராயன் மலையில் வாழும் மலையாளி மக்களுக்குச் சாமையும் தினையும் கேழ்வரகும் பழகிய உணவு. சாமை விளைந்த மேட்டு நிலங்கள் பலவற்றில் இன்று மரவள்ளி நிற்கிறது. சாமையை உரலில் குத்தி உமி நீக்குவது பெண்களுக்குப் பெரும்பாடு. ரேஷன் அரிசியோ அப்படியே உலையில் போடத் தயாராகக் கிடைக்கிறது. எனவே மலையிலும் சோறே முதல் உணவாகிவிட்டது.

100 கிராம் வெள்ளை அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம், நார்ச்சத்து 3 கிராமுக்கும் குறைவு. அதே எடைச் சாமையில் மாவுச்சத்து சுமார் 66 கிராம், நார்ச்சத்து 7 கிராமுக்கு மேல். நார்ச்சத்து மிகுந்தால் சர்க்கரை மெதுவாக இரத்தத்தில் ஏறும். வெள்ளையாகத் தீட்டிய சாமையில் இந்த நன்மை குறைந்துவிடும். மாவாக்கிக் காய்ச்சிய கஞ்சியைவிட முழுத் தானியமாகச் சமைத்த சாமைச் சோறே ஏற்றது.

ஒரு வேளைக் கணக்கு

சாமைக்கு மாறிவிட்டால் வயிறு நிறையச் சாப்பிடலாம் என்று எண்ணுவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒருவர் மதியம் 150 கிராம் அரிசியைச் சமைத்து உண்டால் 117 கிராம் மாவுச்சத்து சேர்கிறது. அதே 150 கிராம் சாமையை உண்டாலும் 98 கிராம் சேர்ந்துவிடும். பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் சாமையை 60 கிராமாகக் குறைத்து, அத்துடன் 30 கிராம் கொள்ளு சேர்த்தால் மாவுச்சத்து 56 கிராம் அளவில் நின்றுவிடும். கொள்ளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம் இருப்பதால் பசியும் தாங்கும்.

கொள்ளு வேகவைத்த தண்ணீரை ரசத்துக்கு எடுத்துக்கொண்டு, வெந்த பயறை மாட்டுக்கு வைப்பது பல வீடுகளில் வழக்கம். நோயாளி உள்ள வீட்டில் அந்தப் பயற்றையும் கடைந்தோ சுண்டலாகவோ உண்ண வேண்டும். புரதம் அதில்தான் உள்ளது.

பழக்கத்தை மாற்றும் முறை

நாற்பது, ஐம்பது ஆண்டுப் பழக்கம் ஒரே நாளில் மாறாது. முதல் வாரம் இரவுச் சோற்றை மட்டும் பாதியாகக் குறைக்கலாம். அதன்பின் மதிய உணவில் கை வைக்கலாம். தட்டில் பாதியளவு கீரையும் காயும், கால் பகுதி பருப்பு, முட்டை அல்லது மீன், மீதிக் கால் பகுதி மட்டும் சோறு என்று வைத்துக்கொள்வது எளிய அளவு. காயையும் பருப்பையும் முதலில் உண்டு, சோற்றைக் கடைசியில் உண்பது நல்லது. நோயாளிக்குத் தனி உலை வைத்தால் வீட்டுப் பெண்களுக்கு வேலை இரட்டிப்பாகும். நாளடைவில் நின்றும் போகும். குடும்பம் முழுவதும் இவ்வாறு உண்பதே நிலைக்கும்.

எச்சரிக்கை

இன்சுலின் போடுபவர்களும் மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் சோற்றைத் திடீரெனக் குறைக்கக் கூடாது. மருந்தின் அளவையும் அதற்கேற்ப மாற்ற வேண்டியிருக்கும். இல்லாவிடில் வேலை செய்யும்போது சர்க்கரை மிகவும் இறங்கி, வியர்வை, நடுக்கம், மயக்கம் ஏற்படலாம். இத்தகையோர் வயலுக்குப் போகும்போது மடியில் சிறிது சர்க்கரை வைத்திருக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பருப்பின் அளவையும் மருத்துவரிடமே கேட்டறிய வேண்டும். மருந்தைத் தாமாக நிறுத்துவது ஆபத்து. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெறும் வயிற்றிலும், உணவுக்கு இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தால் மாற்றத்தின் பலன் தெரியும்.

சொந்த நிலத்திலேயே விளைவிக்கலாம்

பருப்பும் காயும் விலைக்கு வாங்கிக் கட்டுப்படியாகுமா என்ற கேள்வி நியாயமானது. மானாவாரி நிலத்தில் ஆனி, ஆடியில் சாமை விதைக்கலாம். வரிசை விதைப்புக்கு ஏக்கருக்கு 4 கிலோ விதை போதும். கோ 4, அத்தியந்தல் 1 ஆகியவை ஏற்ற இரகங்கள். இடையே துவரையும், சாமை அறுத்த பின் ஈரம் இருந்தால் கொள்ளும் விதைக்கலாம். நெல் வயல் வரப்பில் தட்டைப்பயறும், வீட்டுக் கொல்லையில் முருங்கையும் அவரையும் இருந்தால் குழம்புக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. சாமைத் தாள் மாட்டுக்குத் தீவனமாகும்.

மரவள்ளியோ கரும்போ விற்பனைக்கு நிற்கட்டும். அரை ஏக்கரையாவது வீட்டுத் தட்டுக்கென ஒதுக்கும் விவசாயி, மருந்துச் செலவைக் கட்டுக்குள் வைத்துக்கொள்வதுடன் தம் உழைப்பையும் நீண்ட நாள் காத்துக்கொள்ளலாம்.