சலவைத்தூளும் தோல் நோயும்: அளவு, அலசல், சூடு

திருச்செந்தூருக்குத் தெற்கே கடலை ஒட்டியுள்ள மீனவ ஊரான ஆலந்தலையிலிருந்து ஒரு தாய் தம் இரண்டு வயதுக் குழந்தையை எங்கள் தோல் நோய்ப் பிரிவுக்கு அழைத்து வந்தார். குழந்தையின் முழங்கை மடிப்புகளிலும் முழங்காலின் பின்புறத்திலும் எக்ஸிமா எனப்படும் கரப்பான் சிவந்து கசிந்துகொண்டிருந்தது. தாயின் பையில் மூன்று சலவைத்தூள் உறைகள் இருந்தன. இவற்றுள் எது குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதே அவர் கேட்ட முதல் கேள்வி.

விசாரித்தபோது மேலும் இரண்டு செய்திகள் தெரியவந்தன. குழந்தையின் துணி மிகவும் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக அவர் தூளை இருமடங்காக இட்டு வந்திருக்கிறார். தூளை மாற்றினால் நோய் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கையில், நாங்கள் எழுதித் தந்த களிம்பை இரண்டு வாரங்களாக நிறுத்தியும் இருக்கிறார். இத்தகைய குடும்பங்களை நாங்கள் அடிக்கடி சந்திக்கிறோம். அவர்களுக்குச் சொல்வதையே இங்கு எழுதுகிறோம்: எந்தத் தூள் என்பதைவிட எவ்வளவு தூள், எத்தனை அலசல், எவ்வளவு சூடு என்பவையே முக்கியம். இவற்றுள் எதுவும் மருந்துக்கு மாற்று அன்று.

தூளில் இருப்பவை

சலவைத்தூளின் முதன்மைப் பொருள் அழுக்கையும் எண்ணெயையும் துணியிலிருந்து பிரிக்கும் நுரைப்பொருள். அடுத்தது, தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் சலவைச் சோடா போன்ற காரப்பொருள். உப்பைக் கொண்டு சலவைச் சோடா செய்யும் ஆலை தூத்துக்குடியிலேயே உண்டு. நம் உப்பளங்களில் விளையும் உப்புக்கும் நம் வீட்டுச் சலவைக்கும் உள்ள உறவு அத்தனை நெருக்கமானது. ஆயினும் நம் தோல் இயல்பாகச் சற்றே அமிலத்தன்மை உடையது. சலவை நீரோ காரத்தன்மை மிக்கது. எனவே துணியில் தங்கிவிடும் தூள், ஏற்கெனவே காப்பு குறைந்திருக்கும் கரப்பான் தோலை மேலும் வறளச் செய்து அரிப்பைத் தூண்டக்கூடும்.

பல தூள்களில் நொதிகளும் சேர்க்கப்படுகின்றன. ஜெர்மானிய வேதியியலாளர் ஓட்டோ ரோம் 1913-ஆம் ஆண்டிலேயே சலவைக்கு நொதியைப் பயன்படுத்தக் காப்புரிமை பெற்றார். 1960-களின் இறுதியில், நொதித் தூசியைச் சுவாசித்த சலவைத்தூள் ஆலைத் தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா ஏற்பட்டது. அதன்பின் நொதிகள் மேலுறை இட்ட குருணைகளாகச் சேர்க்கப்படுகின்றன. வீட்டில் துவைத்து நன்கு அலசிய துணியிலுள்ள நொதியால் தோல் ஒவ்வாமை வருவதாக ஆய்வுகள் காட்டவில்லை. மீன் இரத்தமும் கவிச்சியும் படிந்த சாரங்களுக்கு நொதித்தூளே ஏற்றது. அத்துணிகளை முதலில் குளிர்ந்த நீரில் ஊறவைத்து அலச வேண்டும். வெந்நீரில் இட்டால் இரத்தக்கறை துணியில் இறுகிவிடும். ஒவ்வாமையை உண்டாக்குவதில் நொதிகளைவிட நறுமணப் பொருள்களுக்கே பங்கு அதிகம். ஆகவே கரப்பான் உள்ளவர்கள் மணமற்ற தூளையோ திரவத்தையோ தேர்ந்தெடுப்பதும், துணியை மென்மையாக்கும் நறுமணத் திரவங்களைத் தவிர்ப்பதும் நலம். கடைசி அலசலில் கிருமிநாசினித் திரவம் ஊற்றும் பழக்கமும் வேண்டாம். அதுவும் தோலை எரிச்சலூட்டும்.

தண்ணீரும் அளவும்

கடலோரத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுந்திருப்பது பொதுவான நிலை. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்கப்படும். உங்கள் வீட்டு நீரை எளிதாகச் சோதிக்கலாம். ஒரு பாட்டிலில் பாதியளவு நீர் நிரப்பி, குளியல் சோப்பின் சிறு சீவலை இட்டுக் குலுக்குங்கள். நுரை நிறைந்து நின்றால் மென்னீர்; நுரை குறைந்து, தயிர்த் திப்பி போல வெண்மையாகத் திரண்டால் கடினநீர்.

கடினநீருக்குத் தூள் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும் என்பது உண்மையே. அந்தக் கூடுதல் அளவு உறையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அதனை அளவுக் கரண்டியால் இட வேண்டும். கைப்பிடியால் அள்ளி இடக் கூடாது. ஃப்ரண்ட் லோடு இயந்திரத்துக்கு அதற்கென்று விற்கப்படும் நுரை குறைந்த தூளையே வாங்குங்கள். நுரை மிகுந்தால் துணிகள் ஒன்றோடொன்று மோதித் துவைபடா. அலசலும் முழுமை பெறாது. குழாயில் தாமிரபரணிக் குடிநீர் வரும் நாளில் குழந்தையின் துணிகளைத் துவைக்க முடியுமானால் மிக நல்லது.

கடினநீர் தோலைப் பாதிக்குமா என்று கேட்போர் உண்டு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 2017-இல் வெளியான ஆய்வு, கடினநீரில் கழுவும்போது நுரைப்பொருள் தோலில் அதிகமாகத் தங்குவதைக் காட்டியது. எனினும், அந்நாட்டில் 336 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2011-இல் வெளியான ஆய்வில், வீட்டில் நீர் மென்மையாக்கும் கருவி பொருத்தியதால் எக்ஸிமா கூடுதலாகக் குறையவில்லை. எனவே கரப்பானைத் தீர்ப்பதற்கென்று அத்தகைய கருவிக்குப் பெரும் பணம் செலவிட நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

அலசல்

செலவின்றிச் செய்யக்கூடியது இதுவே. 'எக்ஸ்ட்ரா ரின்ஸ்' என்று குறிக்கப்பட்டுள்ள பொத்தானை அழுத்தினால் இயந்திரம் இன்னொரு முறை அலசும். நோயாளியின் துணி, படுக்கை விரிப்பு, துண்டு ஆகியவற்றுக்கு இதனை வழக்கமாக்குங்கள். 'குயிக் வாஷ்' வேண்டாம்; அதில் அலசும் நேரம் குறைவு. துணிகளைத் திணிக்காமல், மேலே ஒரு கை நுழையும் இடம் விடுங்கள். புதுத் துணியைத் துவைக்காமல் குழந்தைக்கு அணிவிக்காதீர்கள்.

அலசல் போதுமா என்று அறிய ஒரு வழி உண்டு. துவைத்த துண்டு ஒன்றை வாளியிலுள்ள நல்ல நீரில் இட்டுக் கையால் நன்கு அலசுங்கள். நுரை எழுந்தால் தூள் தங்கியிருக்கிறது என்று பொருள். அடுத்த முறை தூளைக் குறையுங்கள், அலசலைக் கூட்டுங்கள்.

சூடு யாருக்குத் தேவை?

கரப்பானுக்கு வெந்நீர்ச் சலவை தேவையில்லை. வீட்டுத்தூசி உண்ணியால் ஒவ்வாமை உடையவர்களுக்கு, படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை 60 டிகிரியில் துவைப்பது உதவும். படர்தாமரை உள்ளவரின் உள்ளாடை, காலுறை, துண்டு ஆகியவற்றைத் தனியே 60 டிகிரியில் துவைக்க வேண்டும். 40 டிகிரியில் பூஞ்சை எஞ்சக்கூடும். சிரங்கு உண்ணி 50 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பத்து நிமிடங்களில் மடியும். சிகிச்சைக்கு முந்தைய மூன்று நாள்களில் பயன்படுத்திய துணிகளைச் சிகிச்சை தொடங்கும் நாளிலேயே துவையுங்கள். துவைக்க இயலாதவற்றை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் வைத்துவிடுங்கள். வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் மருந்து பூசாவிட்டால் இச்சலவையால் பயனில்லை.

இயந்திரத்தில் சூடேற்றும் வசதி இல்லையெனில், ஒரு பெரிய பாத்திரத்தில் ஒரு பங்கு குழாய் நீர் ஊற்றி, அதில் ஒரு பங்கு கொதிநீரைச் சேருங்கள். ஏறத்தாழ 65 டிகிரி கிடைக்கும். துணிகளை அதில் மூழ்கவைத்து, மூடி, அரை மணி நேரம் விட்டபின் இயந்திரத்தில் இடுங்கள். குழந்தைகள் அப்பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். துணியை உட்புறம் வெளியே தெரியுமாறு திருப்பி வெயிலில் காயவைத்து, இஸ்திரியும் போட்டால் மேலும் நல்லது.

புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெறுபவர் வீட்டில், மருந்து ஏறிய பின் 48 மணி நேரம் வரை வாந்தி, சிறுநீர் பட்ட துணிகளைக் கையுறை அணிந்து எடுத்து, தனியே இருமுறை துவையுங்கள். சில மருந்துகளுக்கு இந்தக் கால அளவு மாறுபடும்; உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இயந்திரத்தையும் கழுவ வேண்டும்

ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் 2012-13-இல் மருந்துகளுக்கு எதிர்ப்புத்திறன் கொண்ட ஒரு பாக்டீரியா குழந்தைகளின் உடலில் திரும்பத் திரும்பக் காணப்பட்டது. தேடியபோது, குழந்தைகளின் பின்னல் தொப்பிகளையும் காலுறைகளையும் துவைத்த வீட்டு உபயோகச் சலவை இயந்திரத்தின் ரப்பர் வளையத்திலும் தூள் இடும் தட்டிலும் அது இருந்தது. இயந்திரத்தை அகற்றியதும் பரவல் நின்றது. நல்வாய்ப்பாக எந்தக் குழந்தைக்கும் அதனால் நோய் உண்டாகவில்லை. வீட்டில் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் துவைத்து முடித்ததும் கதவைத் திறந்து வையுங்கள், ரப்பர் வளையத்தைத் துடையுங்கள், மாதம் ஒருமுறை துணியின்றி மிகுந்த சூட்டிலோ 'டப் கிளீன்' அமைப்பிலோ இயக்குங்கள்.

எச்சரிக்கை ஒன்று உண்டு. குளோரின் கலந்த பிளீச்சுடன் வினிகரையோ கழிவறை அமிலத்தையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். வெளிவரும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும். தூளையும் திரவத்தையும் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

ஆலந்தலைத் தாய்க்கு நாங்கள் தூளை மாற்றச் சொல்லவில்லை. அவர் பையிலிருந்த மூன்றில் மணமற்ற ஒன்றையே வைத்துக்கொண்டு, உறையில் உள்ள அளவில் இட்டு, இரண்டாம் முறை அலசச் சொன்னோம். நாங்கள் தந்த ஸ்டீராய்டு களிம்பைச் சொன்ன நாள்கள் வரை பூசவும், ஈரப்பசைக் களிம்பை நாள்தோறும் இருமுறை தடவவும் சொன்னோம். அடுத்த முறை வந்தபோது, குழந்தை இரவில் சொறியாமல் உறங்குவதாகக் கூறினார். அதில் களிம்பின் பங்கே பெரிது, சலவை துணைநின்றது.

நீங்கள் எங்களிடம் வரும்போது தூளின் பெயரோடு மூன்று விவரங்களையும் எழுதி வாருங்கள்: எந்தத் தண்ணீர், எத்தனை கரண்டி, எத்தனை அலசல். களிம்பை மட்டும் எங்களைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்.